நோட்டில் விட்டுப்போன பெயர்

திருச்சி ஜங்ஷனில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமை இழந்துவிட்டார்.

"ஏன்யா, போன வாரமும் வந்து கரூர் பாசஞ்சரைத்தான் கேட்டே. அதுக்கு முந்தின வாரமும் அதேதான். வண்டி அதே மணிக்குத்தான்யா போகுது. அப்படி யாரு இருக்கா உனக்குக் கரூர்ல?"

யாரும் இல்லை. அந்த வண்டியில் நான் ஒரு தடவைகூட ஏறியதில்லை. சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் பூட்டினால் திங்கட்கிழமை காலை வரைக்கும் நான் வாயைத் திறக்க ஒரு காரணம் கிடைக்காது. அதனால் தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த என் மாடி அறையிலிருந்து ஜங்ஷன் வரை நடந்து போய், ஏதாவது ஒரு ரயிலைப் பற்றிக் கேட்பேன். அவர் பதில் சொல்லியே ஆகவேண்டும், அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். இந்த வழியைக் கண்டுபிடித்தபோது பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்டதாக நினைத்தேன். அவர் அப்படிக் கேட்ட பிறகு அங்கே போக வெட்கமாகிவிட்டது.

ஐம்பதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. உப்பிலியபுரத்துக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில், எங்களுக்குக் கொஞ்சம் கடலைக்கொல்லை. எங்கள் வகையறாவில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்து, திருச்சியில் சர்க்கார் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தேன். ஊருக்குப் போனால் அப்பா எனக்கு முன்னால் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிடுவார். நான் ஏதாவது பேச்சை ஆரம்பித்தால், "படிச்ச புள்ள சொல்லுது, கேட்டுக்க" என்று அம்மா தம்பியை அதட்டுவாள். அதற்கப்புறம் யாரும் பேசமாட்டார்கள். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். திருச்சிக்குத் திரும்பினால் கேட்கவும் ஆள் இல்லை. ஆபீஸில் எனக்குத் 'தபால் செக்‌ஷன்' என்று பெயர், மெஸ்ஸில் 'மாடி ரூம்'. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அவசியம் யாருக்கும் ஏற்படவில்லை, அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் ஸ்ரீரங்கத்தில் ஒரு வாசகசாலைப் பலகையில் அறிவிப்பைப் பார்த்தேன். ஆடிப்பெருக்குக்குத் தொண்டர்கள் தேவை. அம்மா மண்டபத்துப் படித்துறைக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டு, ஒலிபெருக்கி வைத்து, கூட்டத்தில் பிரிந்து போனவர்களைச் சேர்த்துவைக்கிற வேலை. கொட்டகைக்குத் தலைவர் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஸ்ரீரங்கத்துப் பெரியவர், நெற்றி நிறையத் திருமண் இட்டவர். போய் நின்ற என்னை ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"பேஷ். கணீர்னு இருக்கு. எல்லாம் அரங்கன் அனுக்கிரகம். இனிமே மைக்கு உம்மோடது" என்றார்.

மைக்குக்கு முன்னால் முதல் தடவை நான் பேசியபோது படித்துறையில் ஆயிரம் தலை திரும்பியது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

குழந்தைகளைச் சேர்ப்பது சுலபம். அழுகிற சத்தத்தை மைக்கில் வைத்தாலே பெற்றவள் ஓடிவந்துவிடுவாள். கஷ்டம் பெண்கள் விஷயத்தில்தான். காணாமல் போனது புருஷன். அவனை அழைக்கப் பெயர் வேண்டும். பெயரை அவள் சொல்லமாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறையும். பிள்ளை பெற்றவளாக இருந்தால், "இன்னாருடைய அப்பா" என்று பிள்ளை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடலாம். மற்றவர்களுக்குக் கொட்டகை வாசலில் காதோலையும் கருகமணியும் மஞ்சள் கயிறும் விற்கிற அம்மாள்தான் கதி. ஆற்றுக்குப் படைக்க அவற்றை வாங்க வருகிறவர்களை விட்டுவிட்டு எங்கள் விவகாரத்தில் தலையிடுவாள்.

"சாமி பேரா? எந்தச் சாமி, மலைமேல இருக்கிற சாமியா, தண்ணியில படுத்திருக்கிற சாமியா? கையில என்னா வெச்சிருப்பாரு, வேலா, வில்லா?"

கூட்டம் சிரிக்கும். அந்தப் பெண் கூனிக் குறுகி நிற்பாள். எனக்கு அது பொறுக்கவில்லை. படித்தவன் நான், இதற்கு ஒரு முறை கண்டுபிடிக்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

அடுத்த ஆடிக்குள் ஒரு நோட்டுப் போட்டேன். ஆண்பிள்ளைப் பெயர்கள், அகர வரிசையில். ஓட்டர் லிஸ்டிலிருந்து எடுத்தேன், கடைப் பலகைகளிலிருந்து எடுத்தேன், ஆபீஸில் வந்த மனுக்களிலிருந்தெல்லாம் எடுத்தேன். சாயங்காலம் மெஸ்ஸிலிருந்து வந்ததும் நோட்டைப் பிரித்து உட்கார்ந்துவிடுவேன். பெயர்கள் ஏற ஏற அறைக்குள் ஆள் நடமாட்டம் இருப்பதுபோல இருக்கும். நானூற்றுச் சொச்சம் பெயர் சேர்ந்தது. பெண்ணை எதிரே உட்காரவைத்து நான் வாசிப்பேன். சரியான பெயர் வந்ததும் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். சொன்னது நான், அவளுக்குப் பாவமில்லை. அந்த வருஷம் ஏழெட்டுப் பெண்களை இப்படிச் சேர்த்துவைத்தேன். பெரியவர் நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, "சகஸ்ரநாமம் மாதிரி பண்ணிட்டீரே" என்றார். நான் தரையில் நிற்கவில்லை.

இன்னொரு விதியும் இருந்தது. அதை இங்கே சொல்லவேண்டும். பெண்ணின் பெயரையோ ஊரையோ மைக்கில் சொல்லக்கூடாது. புருஷன் பெயரை மட்டும் சொல்லி அழைப்போம். வருகிறவன் தன் ஊரையும் பெண்ணின் அடையாளத்தையும் தானாகச் சொல்லவேண்டும். முதல் வருஷம் எல்லாவற்றையும் மைக்கில் சொல்லப்போக, எவனோ ஒருவன் வந்து நகை போட்ட பெண்ணைத் தன் தங்கை என்று அழைத்துப் போகப் பார்த்தான். அதிலிருந்து வந்த விதி. பெண்களைக் கொட்டகைக்குள் தட்டி மறைவில் உட்காரவைப்பதும் அதனால்தான்.

மூன்றாவது வருஷம், காலை பத்து மணி இருக்கும், தொண்டர் ஒருவர் ஒரு பெண்ணை அழைத்துவந்து விட்டுவிட்டுப் போனார். மண்டபத்துத் தூணடியில் நின்று அழுதுகொண்டிருந்தாளாம். கழுத்தில் தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. இருபதுக்குள்தான் வயது.

"எந்த ஊரும்மா?"

"முசிறிக்கு மேக்கேங்க."

"யார்கூட வந்தே?"

"அவங்ககூட."

"அவங்கன்னா?"

"அவங்கன்னா அவங்கதான். கேக்குறாரு பாரு கேள்வி" என்றாள் வாசலிலிருந்து கருகமணி அம்மாள்.

அந்தப் பெண் சொன்னது இதுதான். வைகாசியில் கல்யாணம். புருஷன் லால்குடிப் பக்கம். ஆடி பிறந்ததும் அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டார்கள். புதுசாகக் கட்டினவர்களை ஆடியில் சேர்த்துவைக்க மாட்டார்களே. பதினெட்டுக்கு மாப்பிள்ளையை அழைப்பது முறை. அவன் விடிகிறதற்குள் வந்து நின்றிருக்கிறான். ரெண்டு பேரும் ஆற்றுக்குப் போய்வரட்டும், பொழுது சாயப் பெண்ணை வீட்டில் விட்டுவிட்டு மாப்பிள்ளை தன் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அப்பா பேச்சு. மாதத்தில் அந்த ஒரு நாள்தான் அவர்களுக்கு. வந்து இறங்கியதும், "காதோலை வாங்கிட்டு வந்துடுறேன், இந்தத் தூணை விட்டு நகராதே" என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்பவில்லை.

"நான் நகர மாட்டேன்னுதாங்க சொன்னேன். அந்தத் தொண்டருதான் கேக்கல, கையோட கூட்டியாந்துட்டாரு."

"பரவால்ல, கூப்பிட்டா வந்துடுவாரு."

"தண்ணியில கால வெச்சிருப்பாங்களோங்க?"

அந்த வருஷம் காவிரி கடைசிப் படியைத் தொட்டுக்கொண்டு ஓடியது. கயிறு கட்டியிருந்தார்கள். நான் கேட்டேன்: "அவருக்கு நீச்சல் தெரியுமா?"

அவள் வெகுநேரம் யோசித்தாள். "தெரியலீங்க. கேட்டதில்லையே" என்றாள். அதைச் சொன்னபிறகுதான் நிஜமாக அழ ஆரம்பித்தாள்.

நான் ஒருவரைத் தூணடிக்கு அனுப்பினேன். அங்கே யாரோ ஒரு குடும்பம் சமுக்காளம் விரித்துப் புளியோதரை பிரித்துக்கொண்டிருந்தது. "இங்கே யாராவது பொண்டாட்டியைத் தேடிட்டு வந்தாங்களா?" என்று கேட்டதற்குச் சிரித்தார்களாம். அவர் திரும்பி வந்தார். நான் நோட்டை எடுத்தேன்.

இன்றைக்கு நினைத்தால் அப்போது அவசரப்பட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. நான் அவசரப்படவில்லை. அகரத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு பெயரும் அவள் காதில் விழுகிறதா என்று பார்த்துப் பார்த்து வாசித்தேன். பெண்கள் கூடிவிட்டார்கள். ககர வரிசை முடிந்தது. சகரமும் முடிந்தது. அவள் தலை குனியவில்லை.

"ஏண்டி பொண்ணே, உன் வூட்டுக்காரரு பேரு வெள்ளக்காரன் வெச்ச பேரா?"

"தம்பி, என் புருஷன் பேரு ரெண்டு தடவ வந்துடுச்சு உங்க நோட்டுல. குனிஞ்சு குனிஞ்சு எனக்குத்தான் கழுத்து வலிக்குது."

"ஒருவேளை, பேரே தெரியாமக் கட்டிக்கிட்டுதோ?"

கடைசிப் பெயரையும் வாசித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தது. "மறுபடியும் வாசிக்கட்டுமா?" என்றேன்.

"வேண்டாங்க. அதுல இல்லீங்க."

கருகமணி அம்மாள் கூடையைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து வந்தாள். "ஊர் உலகத்துப் பேரெல்லாம் வாசிச்சாச்சு. உங்க பேரு என்னா தம்பி?"

சொன்னேன். எங்கள் பக்கத்துக் காவல் தெய்வத்தின் பெயர். மூன்று வீட்டுக்கு ஒருவனுக்கு அதுதான் இருக்கும்.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். இல்லை. நானூற்றுச் சொச்சம் பெயரைத் தேடித் தேடி எழுதியவன் என் பெயரை எழுதவில்லை. மெஸ்ஸில் இலை எடுக்கிறவன் பெயர்வரைக்கும் இருந்தது. இப்படி ஒரு மறதி யாருக்காவது வருமா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். பதில் சொல்ல அப்போது நேரமில்லை. மைக்கைப் பிடித்தேன்.

(அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அன்றைக்கு முழுவதும் அவள் வாயால் சொல்லாததை நான் அச்சில் ஏற்றுவது சரியாகப் படவில்லை.)

என் பெயரை நான் அதுவரை உரக்கச் சொன்னது கிடையாது. யார்தான் சொல்வார்கள்? இப்போது அதைக் காவிரியின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கேட்கும்படி சொன்னேன். சொல்லி, "உங்கள் மனைவி தொண்டர் கொட்டகையில் காத்திருக்கிறார், உடனே வரவும்" என்றேன். பெயர் போய் எதிர்க்கரைத் தென்னைகளில் மோதித் திரும்பி வந்தது. இரண்டாவது தடவை சொன்னேன். ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவது, நான்காவது தடவை சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் இனித்தது. யாரோ என்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள், நான் போகவேண்டும் என்பதுபோல. தட்டிக்குப் பின்னால் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் இனித்தது.

முதலில் ஒரு கிழவர் வந்தார். அவருக்கும் அதே பெயர். "என் சம்சாரம் செத்து ஒம்பது வருசம் ஆச்சு. கூப்பிட்டீங்களேன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொல்லி, சிரித்துவிட்டுப் போனார். அப்புறம் துறையூர்க்காரர் ஒருவர், கையில் குழந்தையோடு. அவர் மனைவி பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள், "நான் இங்கதானே இருக்கேன், எவ உங்களுக்குக் காத்திருக்கிறவ?" என்று கேட்டபடி. கூட்டத்துக்கு அதுவும் சிரிப்பு. ஒவ்வொரு தடவை ஆள் வரும்போதும் தட்டியின் மேல்விளிம்பில் இரண்டு கண் தெரியும். பிறகு தெரியாது.

மத்தியானத்துக்கு மேல் எனக்குப் பயம் வந்துவிட்டது. பெரியவரிடம் போனேன். "அந்தப் பொண்ணோட ஊர் பேரையும் சேர்த்துச் சொல்லிடலாங்களா? இந்தப் பேர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. தன்னைத்தான் கூப்பிடுறாங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"படாது" என்றார். "ஸ்திரீயோட ஊரை மைக்குல சொன்னா நாலு பேர் வருவான். எவன் உண்மை, எவன் பொய்னு நீர் கண்டுபிடிப்பீரோ? நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"இல்லீங்க, ஆனா..."

"பெருமாள் விட்டுடமாட்டார். நீர் கூப்பிட்டுண்டே இரும்."

மைக் என் கையில்தான் இருந்தது. சொல்லியிருக்கலாம். முசிறிக்கு மேற்கே என்று இரண்டு வார்த்தை. என்னைக் கட்டிப்போட்டவர் யாரும் இல்லை. விதி என்று ஒன்று சொல்லப்பட்டால் அதை மீறத் தெரியாத பையனாகத்தான் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே வந்திருந்தேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பெயர் மட்டும்.

மூன்று மணி வாக்கில், கீழே உள்ள ஒரு துறையில் யாரையோ ஆறு இழுத்துவிட்டது என்று சத்தம் வந்தது. அவள் தட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கருகமணி அம்மாள் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அரைமணி கழித்து, இழுத்தது ஒரு ஆட்டுக்குட்டியை என்று தெரிந்தது. கூட்டத்தில் யாரோ, "போகட்டும், ஆடுதானே" என்றார்கள். அவள் மறுபடி போய் உட்கார்ந்தாள். ஒரு டம்ளர் மோர் வாங்கி நான் தட்டியோரம் வைத்தேன். அவளோடு உட்கார்ந்து இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்போல இருந்தது. சின்ன வயதுப் பெண், புதுத்தாலி. நானும் சின்ன வயது. மோரை வைத்துவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் வரை அது அப்படியே இருந்தது, ஈ விழுந்து.

ஐந்து மணிக்குப் பெரியவர் முடிவு சொன்னார். இருட்டுகிற வரைக்கும் ஒரு இளம்பெண்ணைக் கொட்டகையில் வைத்திருக்க முடியாது. முசிறிப் பக்கம் போகிற பெண்கள் கூட்டம் ஒன்று கிளம்புகிறது, அவர்களோடு தாய்வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

"நான் போகலீங்க. நகராதேன்னாங்க."

"போம்மா. அவர் உன்னைத் தேடி அங்கதான் வருவார்" என்றார் பெரியவர்.

"அவங்க இல்லாம நான் மட்டும் எப்படிங்க போய் நிக்கிறது? எங்கேன்னு கேப்பாங்களே, என்னா சொல்லுவேன்?"

கருகமணி அம்மாள் ஒரு ஜோடி காதோலையை எடுத்து அவள் முந்தானையில் முடிந்துவிட்டாள். "அவரு வாங்கப் போனதுதானே. இந்தா, வெச்சுக்க. போ கண்ணு." பஸ் வரை நான் போனேன். ஏறுகிற இடத்தில் திரும்பி, முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்:

"அண்ணே, கூப்பிட்டுக்கிட்டே இருப்பீங்களா?"

"இருப்பேன்" என்றேன்.

திரும்பிவந்து கூப்பிட்டேன். "உங்கள் மனைவி காத்திருக்கிறார்" என்றுதான் வாய் சொன்னது. மைக்செட்காரர் என்னைப் பார்த்தார். "அந்தம்மாதான் போயிடுச்சே, சார்" என்றார். நான் நிறுத்தவில்லை.

முக்கால்மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு ஆள் கொட்டகை வாசலில் வந்து நின்றான். வேட்டி முழங்கால் வரை நனைந்து, சேறு காய்ந்திருந்தது. கையில் வாடிப்போன காதோலை.

"ஐயா, ஆளக் காணோம்னா இங்கதான் எழுதிக் குடுக்கணுங்களா?"

"யாரைக் காணோம்?"

"எங்க வூட்ல. தூணுகிட்ட நிக்க வெச்சுட்டுப் போனேங்க, கூட்டத்துல மாட்டித் திரும்பி வர்றதுக்குள்ள ஆளக் காணோம். முசிறிக்கு மேக்கே ஊரு."

கருகமணி அம்மாள்தான் கத்தினாள். "அடப் பாவி மனுசா! உன் பேரு என்னா?"

சொன்னான்.

"காலையிலேர்ந்து உன் பேரத்தானேய்யா இந்தத் தம்பி தொண்டை கிழியக் கத்துது! காது இல்ல உனக்கு?"

"கேட்டேங்க" என்றான் அவன். "நாள் பூரா கேட்டுச்சு. ரெண்டு தடவ இந்தக் கொட்டாயத் தாண்டித்தான் போனேன்."

"பெறவு ஏன்யா வரல?"

அவனுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. எங்களை மாறி மாறிப் பார்த்தான். "எங்க வூட்ல எம் பேரச் சொல்லாதுங்களே. பொஞ்சாதி கூப்பிடுதுன்னு பேரு சொன்னாங்க. அப்ப அது வேற யாரோதானுங்களே. பேரு சொல்லிக் கூப்பிடுறவங்கன்னா டவுன் ஆளுங்களா இருக்கும்னு நெனச்சுக்கிட்டு, நான் பாட்டுக்குக் கரையோரமாவே தேடிட்டிருந்தேன்."

பெரியவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நான் நோட்டை எடுத்துக் காட்டி எல்லாவற்றையும் அவனுக்கு விளக்க ஆரம்பித்தேன். பாதியில், இதெல்லாம் அவனுக்கு எதற்கு என்று தோன்றி நிறுத்தினேன். அவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அவள் எங்கே என்று கேட்டான். பஸ்ஸில் போய்விட்டாள் என்று சொன்னேன்.

அவள் தண்ணீரில் போகவில்லை என்று தெரிந்ததும் அவன் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டான். பிறகு சட்டென்று எழுந்தான். "அப்ப நான் தண்ணியில போயிட்டேன்னு அது நெனச்சிட்டிருக்குமேங்க."

இரண்டு பேரும் ஓடினோம். பஸ் நிற்கும் இடத்தில் திருவிழா முடிந்து திரும்புகிற கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. முசிறி போகிற வண்டி ஒன்று வந்தது. படியிலும் ஏணியிலும் ஆள். கண்டக்டர் தட்டிக்கொண்டே, "எடம் இல்ல, எடம் இல்ல" என்று நிற்காமல் போய்விட்டார். அடுத்த வண்டி எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. ரயில்களைப் பற்றி அவ்வளவு விசாரித்து வைத்திருந்த எனக்கும் தெரியவில்லை.

"கொள்ளிடத்தத் தாண்டி டோல்கேட்டுக்கு நடந்துட்டா லாரி ஏதாச்சும் கெடைக்குங்க. இல்லன்னா நடந்துடுறேன்" என்றான்.

"முசிறிவரைக்குமா? இருபத்தஞ்சு மைலாவது இருக்குமே."

"இருக்கட்டுங்க."

கொள்ளிடம் பாலம் வரைக்கும் அவனோடு போனேன். அவன் வேகத்துக்கு எனக்கு நடை வரவில்லை.

"அழுதுச்சுங்களா?" என்று ஒரு தடவை கேட்டான்.

"அழுதாங்க."

"ஏதாச்சும் சாப்பிட்டுச்சா?"

மோரைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "குடுத்தோம்" என்றேன்.

கொஞ்ச தூரம் போனபிறகு அவனே சொன்னான்: "நீங்க கூப்பிட்ட கொரலு நல்லா இருந்துச்சுங்க. கரையில நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். யாரோ குடுத்து வெச்சவன், அவனத் தேடி இப்படிக் கூப்பிட ஆள் இருக்குன்னு நெனச்சேன். கொஞ்சம் பொறாமையாக்கூட இருந்துச்சு."

எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று எப்படிச் சொல்வது? அவனுக்கும் எனக்கும் ஒரே பெயர் என்பதைக்கூட அவனிடம் சொல்லவில்லை.

பாலத்தில் ஏறுகிற இடத்தில் நின்று, "நீங்க திரும்புங்க, உங்களுக்கும் ஜோலி இருக்கும்" என்றான். மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபீஸ் இருந்தது. நானும் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வருவதற்கு நான் யார்? போய் அந்த வீட்டு வாசலில் நின்று என்ன சொல்வேன்? காதோலையை மடியில் செருகிக்கொண்டு அவன் நடந்தான். கொள்ளிடத்திலும் அன்று தண்ணீர் இருந்தது. எதிரே வந்த லாரிகளுக்கு அவன் கையைக் காட்டிக்கொண்டே போனான். எல்லாம் ஸ்ரீரங்கத்தை நோக்கி வருகிற லாரிகள். அது அவனுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் கையைக் காட்டினான்.

அவள் பஸ் அந்நேரம் முசிறியை நெருங்கியிருக்கும். இறங்கி, இன்னும் கொஞ்சம் மேற்கே நடந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளை எங்கே என்று கேட்பார்கள். அவன் உயிரோடு இருக்கிறான், பாலத்தின் மேல் நடந்து வந்துகொண்டிருக்கிறான் என்பது அந்த நேரத்தில் எனக்கு மட்டுமே தெரியும். நாள் முழுக்க இரண்டு கரைக்கும் கேட்கக் கத்தினவன் நான். பாலத்தின் இந்த முனையில் நின்றுகொண்டு, இதை அவளுக்குச் சொல்ல ஒரு வழியும் தெரியாமல், அவன் வேட்டி வெள்ளையாகத் தெரிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.